அறிவியல் மாணவரை மேற்படிப்புக்கு ஆற்றுப்படுத்துவது

காவிரிப் படுகையின் கல்லூரிகளில் இளநிலை அறிவியல் படிக்க வருவோரில் பலர் தங்கள் குடும்பத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். பி.எஸ்சி., அடுத்து பி.எட்., அதன்பின் ஆசிரியர் தேர்வு என்ற ஒரு பாதையைத்தான் அவர்கள் ஊரில் கேட்டிருப்பார்கள். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேரவும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த முனைவர் பட்டப் படிப்பில் சேரவும் ஜாம் என்ற நுழைவுத்தேர்வு இருப்பதை, அந்தத் தேர்வு முடிந்த பிறகே அறிந்து வருந்தும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஆகவே, வழிகாட்ட விரும்பும் ஆசிரியர் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும்.

தொடங்க வேண்டிய இடம் ஆய்வுக்கூடம் என்பது என் உறுதியான எண்ணம். தனி ஊசல் சோதனையில் ஒரு மாணவி புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதி வந்தார். ரஃப் நோட்டில் அவர் கணக்கிட்டிருந்ததோ 9.74. தஞ்சாவூரின் அட்சரேகையில் உண்மையான மதிப்பு ஏறத்தாழ 9.78 என்பதை முதலில் சொன்னேன். பிறகு, "ஏம்மா, நம்ம ஸ்டாப் கிளாக் அந்த வித்தியாசத்தைக் காட்டுமா?" என்று கேட்டேன். ஒரு மீட்டர் நீள ஊசலின் 20 அலைவுகளுக்குச் சுமார் 40 நொடி ஆகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு நொடி பிசகினாலே விடை 0.05 அளவுக்கு மாறிவிடும் என்பதை அவரே கணக்கிட்டுக் கண்டறிந்தார். "அப்ப நான் எழுதினது தப்பில்லையா சார்?" என்று கேட்டபடி 9.74-ஐத் திரும்ப எழுதிய அந்த நாளில்தான் அவருக்கு ஆய்வு என்றால் என்னவென்று விளங்கியது. இப்படி வாரம் ஒரு கேள்வி கேட்பது, பயிற்சிக் கையேடு வாங்கிக் கொடுப்பதைவிடப் பயன் தரும்.

தேர்வைப் பொறுத்தவரை, ஜாமுக்கான விண்ணப்பம் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கும். தேர்வு பிப்ரவரியில் நடக்கும். மூன்று மணி நேரத்தில் 60 வினாக்கள், 100 மதிப்பெண்கள். எண்ணால் விடையளிக்க வேண்டிய 20 வினாக்களுக்கு எதிர்மறை மதிப்பெண் இல்லை. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 30 வினாக்களுக்கு உண்டு. வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதால், தமிழ்வழியில் படித்தவர்களுக்குப் பழைய வினாக்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் என்ன கேட்கிறது என்பதை முதலில் தமிழில் சொல்லச் செய்யுங்கள். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை சேர கியூட் தேர்வு தனியாக இருக்கிறது. வீட்டிலிருந்து நெடுந்தூரம் அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு அது நல்ல வாய்ப்பு.

சான்றிதழ் விஷயத்தில் பலர் இடறிவிடுகிறார்கள். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் கையில் வைத்திருக்கும் மாநில அரசின் சாதிச் சான்றிதழ் இந்தத் தேர்வுகளின் இட ஒதுக்கீட்டுக்குப் போதாது. மத்திய அரசின் படிவத்தில் ஓபிசி நான் கிரீமி லேயர் (இதர பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவில் சேராதவர்) சான்றிதழ் வேண்டும். அதுவும் அறிவிப்பில் குறிப்பிட்ட தேதிக்குப் பின் வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து அது கைக்கு வர நாளாகும் என்பதால், விண்ணப்பம் தொடங்கும் முன்பே மாணவரை அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, தீபாவளிக்கு முன் ஒரு நாள் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பெற்றோரிடம் பேசுங்கள். "இன்னும் எத்தனை வருஷம் படிப்பான் சார்?" என்று அப்பா கேட்பார், அது நியாயமான கேள்வி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்று முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது என்பதை ரூபாய்க் கணக்காகவே சொல்லுங்கள். பிப்ரவரியில் சம்பா நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு, இரவு பகலாகக் காவல் இருப்பது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அந்தக் காவலுக்கு வேறு யார் இருப்பார்கள் என்பதை அன்றைக்கே பேசி முடிவு செய்துவிட்டு எழுந்திருங்கள்.