ஓடுறவங்களுக்கு வர்ற இடுப்பு இறுக்கம்: ஆறு மாசம் நான் தப்பா பண்ணின ஸ்ட்ரெச்

ஓடும்போது ஒண்ணும் தெரியாது, வந்து குளிச்சு சாப்பிட்டு ஒரு மணி நேரம் சேர்ல உக்காந்துட்டு எந்திரிச்சா முதல் நாலஞ்சு அடி கூன் போட்டுத்தான் நடப்பேன், வீட்ல எல்லாரும் சிரிப்பாங்க. ஹாஃப் மாரத்தானுக்கு தூரத்த ஏத்திட்டு இருந்த நேரம். ஆறு மாசம் தினமும் ஸ்ட்ரெச் பண்ணியும் குறையல. ஸ்ட்ரெச்ச நான் பண்ணின விதம்தான் தப்புன்னு அப்புறம்தான் புரிஞ்சுது, அதுக்குத்தான் இந்த போஸ்ட்.

முதல்ல ஒரு விஷயம், இத படிக்காம கீழ போகாதீங்க. வலி தொடை இடுக்குல ஆழமா இருக்கா, ஒத்தக் கால்ல குதிச்சா சுருக்குன்னு வருதா, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்குதா? அப்போ இந்த ஸ்ட்ரெச் எதுவும் வேணாம், ஓடுறத நிறுத்திட்டு டாக்டர பாருங்க. தொடை எலும்போட கழுத்துப் பகுதில ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (திரும்பத் திரும்ப பளு ஏறி எலும்புல விழற மெல்லிய விரிசல்) இருந்தா இப்படித்தான் வரும், ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாமலும் போகலாம், எம்ஆர்ஐ எடுத்தாத்தான் தெரியும். "தசைப்பிடிப்புதான், ஓடினா சரியாயிடும்"னு ஓடக்கூடாத வலி இது.

ஸ்டெப் 1: எது இறுகியிருக்குன்னு பாருங்க

கட்டில் ஓரத்துல உக்காந்து அப்படியே மல்லாந்து படுங்க, ரெண்டு முட்டியையும் நெஞ்சுக்கு இழுங்க, ஒரு முட்டிய கையால புடிச்சுக்கிட்டு இன்னொரு கால தொங்க விடுங்க. அடிமுதுகு மெத்தைல ஒட்டியே இருக்கணும். தொங்குற தொடை மெத்தை மட்டத்துக்கு இறங்காம மேலயே நின்னா இடுப்புக்குள்ள இருந்து தொடைய மேல தூக்கற சோயாஸ், இலியாக்கஸ்ங்கற ரெண்டு தசையும் இறுக்கம். தொடை இறங்குது ஆனா முட்டி மடங்காம நீட்டிக்கிட்டு நிக்குதுன்னா முன்தொடை தசை. எனக்கு வலது பக்கம் முதல் வகை.

ஸ்டெப் 2: அரை முட்டி ஸ்ட்ரெச்

வலது முட்டி தரைல, இடது பாதம் முன்னாடி. இது எல்லாருக்கும் தெரியும். இதுக்கப்புறம் நான் என்ன பண்ணுவேன்னா, எவ்ளோ தூரம் முன்னாடி போறமோ அவ்ளோ நல்லதுன்னு உடம்ப முழுசா தள்ளுவேன், முதுகு வில்லு மாதிரி வளையும், ஆஹா செம ஸ்ட்ரெச்னு நெனச்சுக்குவேன். அங்கதான் கோட்டை விட்டேன். சோயாஸ் ஆரம்பிக்கறதே அடிமுதுகு எலும்புல, அங்கிருந்து இடுப்பு வழியா இறங்கி தொடை எலும்போட உள்பக்கத்துல போய் முடியுது. கால பின்னாடி இழுத்துக்கிட்டே முதுகயும் வளைச்சா, கொடிக்கயிறோட ஒரு முனைய இழுக்கும்போதே மறுமுனைய அவுத்து விட்ட கதைதான், கயிறு எப்படி விறைக்கும்?

சரியான விதம்: முன்னாடி நகரவே நகராதீங்க. முதல்ல வலது பக்க பிட்டத்த நல்லா இறுக்குங்க. அப்புறம் நாய் பயந்தா வால கால் இடுக்குல சுருட்டிக்குமே, அந்த மாதிரி இடுப்ப உள்ள சுருட்டுங்க. பெல்ட் பக்கிள் தரைய பாக்காம உங்க மூஞ்சிய பாக்கணும். அங்கயே, ஒரு இஞ்ச் கூட நகராமலே, தொடை மேல்பக்கம் இழுக்கும். எனக்கு முதல் தடவ கால் நடுங்கிடுச்சு. இப்போ வேணும்னா ரெண்டு இஞ்ச் முன்னாடி போங்க, சுருட்டினது அவுந்தா திரும்பி வாங்க. 30 செகண்ட், பக்கத்துக்கு மூணு தடவ. ஃபோன பக்கவாட்டுல வச்சு வீடியோ எடுத்துப் பாருங்க, நாம நெனைக்கறதும் உடம்பு பண்றதும் வேற வேற.

இத ஓடி முடிச்சப்புறமோ சாயங்காலமோ பண்ணுங்க. ஓடறதுக்கு முன்னாடி கால முன்னும் பின்னும் பத்து பத்து தடவ வீசினா போதும்.

ஸ்டெப் 3: ரோலரா பாலா?

தசைய உருட்டி அழுத்தற ஃபோம் ரோலர் வாங்கி மூலைல போட்டிருக்கேன். முன்தொடைக்கு ஓகே, ஆனா சோயாஸ் வயித்துக்குள்ள ஆழத்துல இருக்கறது, ரோலர் அங்க போகவே போகாது. பாலும் சோயாஸ தொடாது, இடுப்போட முன்-வெளிப்பக்க தசையத்தான் அழுத்தும், ஆனாலும் என் ஓட்டு பழைய டென்னிஸ் பாலுக்குத்தான். இடுப்பெலும்போட முன் முனைக்கு கொஞ்சம் கீழ, வெளிப்பக்கமா வச்சு குப்புறப் படுத்து ஒரு நிமிஷம். மரத்துப்போனா, சுருசுருன்னு இருந்தா உடனே எடுத்துடுங்க.

ஸ்டெப் 4: வலு

இறுக்கமா தெரியற தசை பல நேரம் வலு இல்லாத தசையாவும் இருக்கும். குளூட் பிரிட்ஜ் (மல்லாந்து படுத்து முட்டிய மடக்கி பிட்டத்த மேல தூக்கறது) 12 வீதம் 3 செட். அப்புறம் ரெண்டு பாதத்தயும் சுத்தி சின்ன ரப்பர் பேண்ட் மாட்டி, மல்லாந்து படுத்து ஒவ்வொரு முட்டியா நெஞ்சுக்கு இழுக்கறது, 10 வீதம் 3 செட். வாரத்துக்கு மூணு நாள். போரடிக்கும், ஆனா கூன் போட்டு நடக்கறது நின்னது இத ஆரம்பிச்சப்புறம்தான்.

ஸ்டெப் 5: ஓட்டம்

அடி நீளத்த கொறைங்க. 30 செகண்டுல வலது கால் எத்தன தடவ தரைல படுதுன்னு எண்ணி நாலால பெருக்குங்க. எனக்கு 40, அதாவது ரெண்டு காலும் சேத்து நிமிஷத்துக்கு 160 தடவ. அத 42 ஆக்கினேன், 168. வெறும் 5 சதவீதம்தான், வேகம் அதேதான், ஆனா இடுப்புக்கு வர்ற பளு கொறையுது.

அப்டேட்: ஸ்டெப் 2ல தரைல வச்ச முட்டி வலிக்குதுன்னு ரெண்டு மூணு பேர் சொல்லியிருந்தீங்க. தலகாணிய மடிச்சு கீழ வைங்க, அதோட முட்டிச்சில்லு மேல உக்காராம கொஞ்சம் மேல, தொடை பக்கமா வெயிட்ட போடுங்க. அப்பவும் வலிச்சா கட்டில் ஓரத்துல ஸ்டெப் 1 போஸ்லயே கால தொங்க விட்டு 30 செகண்ட் இருங்க, அதுவே ஸ்ட்ரெச்தான். இன்னொருத்தர் பிட்டத்த இறுக்கினா பின்தொடைல கிராம்ப் வருதுன்னு கேட்டிருந்தார். பாதிக்குப் பாதி பலத்துல இறுக்குங்க, முழு பலமும் வேணாம்.