கிணற்றுப் பாசன நிலம் தாங்குகிறதா? அளந்து பார்க்கும் முறை

மூட்டைக் கணக்கு குறையவில்லை என்பதற்காக நிலம் நன்றாக இருக்கிறது என்று இருந்துவிடக் கூடாது. மண் இளைத்து, கிணறு இறங்கிக்கொண்டிருக்கும்போதும் கூடுதல் யூரியா சில ஆண்டுகளுக்கு விளைச்சலைத் தூக்கிப் பிடிக்கும். ஆகவே மண்ணையும் தண்ணீரையும் சத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

மண் மாதிரியை அறுவடை முடிந்து, அடுத்த உரம் வைக்குமுன் எடுங்கள். ஏக்கருக்கு 10 முதல் 15 இடங்களில் சருகை விலக்கி, ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, குழியின் பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சீவுங்கள். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் வேண்டாம். அங்கே எடுத்த ஒரு கைப்பிடி மொத்த மாதிரியையும் கெடுத்துவிடும். கலந்து, அரை கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்திப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அங்ககக் கரிமம் (மக்கிய இலைதழை, எருவிலிருந்து மண்ணில் தங்கும் கரி) 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75க்கு மேல் நல்ல அளவு. ஓராண்டில் 0.05 கூடினால் அதை நம்பாதீர்கள், மாதிரி எடுப்பதிலேயே அந்த வித்தியாசம் வரும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

தண்ணீர் இறங்கும் வேகத்தைத் தோட்டக்கால் பயிரில் பாருங்கள். சேறடித்த நெல் வயலுக்கு இது பொருந்தாது. உள்விட்டம் 15 செ.மீ. உள்ள குழாய்த்துண்டை 7 செ.மீ. ஆழம் அடித்து இறக்கி, உள்விளிம்பை விரலால் அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஓரமாக ஒழுகிக் கணக்கு பொய்யாகும். 440 மி.லி. ஊற்றினால் 25 மி.மீ. மழைக்குச் சமம். முதல் ஊற்று மண்ணை நனைக்க; இரண்டாவது ஊற்று இறங்கும் நேரத்தைக் குறியுங்கள். உழாத, மிதிபடாத மண்ணிலும் இதையே செய்து ஒப்பிட்டால் உங்கள் நிலம் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.

மண்புழுவை மழைக்குப் பின், ஈரமிருக்கும்போது எண்ணுங்கள். 20 செ.மீ. நீளம், அகலம், ஆழத்தில் வெட்டிய மண்ணைச் சாக்கில் கொட்டி உதிர்த்து எண்ணி, 25ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான கணக்கு. கோடையில் புழு ஆழத்துக்குப் போய்விடும். அப்போது எண்ணிவிட்டு நிலம் செத்துப்போனது என்று முடிவு கட்டாதீர்கள்.

கிணற்று மட்டத்தைக் காலையில் மோட்டார் போடுமுன், கல் கட்டிய கயிற்றால் அளங்கள். மே கடைசியை அடுத்த மே கடைசியோடு மட்டும் ஒப்பிடுங்கள். நல்ல மழை பெய்த ஆண்டுகளிலும் மட்டம் கீழே போனால், ஊறுவதைவிட இறைப்பது அதிகம்.

சத்துக் கணக்கில் பெரும்பாலும் விட்டுப்போவது வைக்கோல். ஒரு டன் வைக்கோல் வண்டியேறும்போது ஏறத்தாழ 15 கிலோ சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) கூடவே போகிறது. நெல்மணியோடு போவது அதில் சிறு பங்குதான். வைக்கோலை விற்றால் எடையைக் குறித்துவைத்து, அதோடு போன சாம்பல்சத்தைப் போட்ட பொட்டாஷிலிருந்து கழியுங்கள்.