அடுத்த பிராசசருக்கும் இடம் தரும் மதர்போர்டைத் தேர்வது எப்படி?

2017-ல் வாங்கிய இரண்டு மதர்போர்டுகளைப் பார்ப்போம். ஒன்று ஏஎம்டியின் பி350 சிப்செட் (பிராசசரை மற்றப் பாகங்களோடு இணைக்கும் சிப்) உள்ளது. அதில் ரைசன் 5 1600 பிராசசர். ஐந்து ஆண்டு கழித்து, 2022-ல், பயாஸை (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) மட்டும் புதுப்பித்து அதே போர்டில் ரைசன் 7 5800எக்ஸ்3டி-யை மாட்ட முடிந்தது. இன்னொன்று இன்டெல்லின் இசட்270. அதே ஆண்டு அக்டோபரில் 8-ம் தலைமுறை பிராசசர்கள் வந்தன. பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட் அதே எல்ஜிஏ 1151. ஆனாலும் அந்தப் போர்டில் அவை வேலை செய்யவில்லை, 300 வரிசை சிப்செட் உள்ள போர்டு வேண்டும் என்றது இன்டெல்.

புதிதாக கம்ப்யூட்டர் கட்டுகிறவர்களிடம் இதைத்தான் நான் முதலில் சொல்வேன். பிராசசர் சாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் போதாது. மின்சுற்று தாங்க வேண்டும், பயாஸுக்கு அந்தப் பிராசசரைத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் போர்டு வாங்கும் நாளிலேயே பார்த்துவிட வேண்டும்.

படி 1: எந்த சாக்கெட்?

இன்டெல் பெரும்பாலும் ஒரு சாக்கெட்டை இரண்டு தலைமுறையில் முடித்துக்கொள்ளும். எல்ஜிஏ 1200-ல் 10, 11. எல்ஜிஏ 1700 மட்டும் 12, 13, 14 என மூன்றைப் பார்த்தது. 2024 அக்டோபரில் எல்ஜிஏ 1851 வந்ததும் அதன் கதையும் முடிந்தது. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022 செப்டம்பரில் ரைசன் 7000-உடன் வந்தது, 2024-ல் ரைசன் 9000 அதிலேயே உட்கார்ந்தது. 2027-ம் ஆண்டுக்கும் அப்பாலும் இந்த சாக்கெட்டுக்கு ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. மூன்று நான்கு ஆண்டு கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றுவது உங்கள் திட்டம் என்றால், என் ஓட்டு ஏஎம்5-க்கே.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. கையில் பணம் குறைவு, டிடிஆர்4 ரேம் ஏற்கெனவே இருக்கிறது என்றால், டிடிஆர்4 எல்ஜிஏ 1700 போர்டில் இப்போது ஐ5 12400 போட்டுக்கொண்டு, பிற்பாடு 14-ம் தலைமுறை ஐ7 ஒன்றைத் தேடி வாங்கலாம். அந்தப் பாதை எங்கே முடிகிறது என்பது முன்கூட்டியே தெரியும், அவ்வளவுதான்.

படி 2: சப்போர்ட் லிஸ்ட்டைப் படியுங்கள்

ஒவ்வொரு மதர்போர்டுக்கும் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் ஒரு பக்கம் இருக்கும். அதில் ‘சிபியு சப்போர்ட்’ என்ற பட்டியலைத் திறங்கள். போர்டின் பெயரை முழுதாகப் பாருங்கள். ஒரே பெயரில் ரிவிஷன் 1.0, 1.2 என்று தனித்தனிப் போர்டுகள் வருவதுண்டு. பட்டியலில் பிராசசர் பெயருக்கு எதிரே ஒரு பயாஸ் பதிப்பு எண் இருக்கும். அந்தப் பதிப்போ அதற்குப் பிந்தையதோ போர்டில் இருந்தால்தான் அந்தப் பிராசசர் உயிர்பெறும்.

சிப்செட்டும் இங்கேதான் காலை வாரும். எச்410, பி460 போர்டுகளில் சாக்கெட் எல்ஜிஏ 1200-தான், ஆனால் 11-ம் தலைமுறை ஓடாது. கடையில் “அதே சாக்கெட்தான் சார், ஓடும்” என்று சொன்னாலும், போனில் அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.

படி 3: விஆர்எம், பலர் பார்க்காமல் விடும் இடம்

பட்டியலில் பெயர் இருந்தால் கம்ப்யூட்டர் ஆன் ஆகும். முழு வேகத்தில் ஓடுமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சாக்கெட்டைச் சுற்றியுள்ள விஆர்எம் பகுதியில் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) தரும் 12 வோல்ட்டை ஒரு வோல்ட்டை ஒட்டிய அளவுக்கு இறக்கிப் பிராசசருக்கு ஊட்டுவது அதன் வேலை. ஐ5 12400 அதிகபட்சமாக 117 வாட் இழுக்கும். ஐ7 14700கே 253 வாட் இழுக்கும். அவ்வளவு குறைந்த வோல்ட்டில் 253 வாட் என்றால் ஏறத்தாழ 200 ஆம்பியர் பாய வேண்டும். விலை குறைந்த எச்610 போர்டு பலவற்றில் விஆர்எம் மேல் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்க்கே கிடையாது. அதில் 14700கே-யை மாட்டினால் சூடேறி வேகம் படுத்துவிடும்.

அதனால் இன்று வாங்கும் பிராசசரை மனதில் வைத்து விஆர்எம்மைப் பார்க்காதீர்கள். நாளைக்கு வாங்க நினைக்கும் பிராசசர் எத்தனை வாட் என்று பாருங்கள். ஏஎம்5-ல் இன்று 65 வாட் ரைசன் 5 7600 போடுகிறவர், பின்னால் 170 வாட் ரைசன் 9 9950எக்ஸ் போட ஆசைப்பட்டால், ஏ620 சிப்செட் போர்டை விட்டுவிட்டு நல்ல ஹீட்சிங்க் உள்ள பி650 அல்லது பி850 எடுப்பது நல்லது. விலை வித்தியாசம் உறுத்தும்தான். இந்த ஒரு இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்று கெஞ்சியே கேட்பேன். கேபினெட் விளக்குகளுக்கு ஒதுக்கிய பணத்தை இங்கே திருப்புங்கள்.

படி 4: பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன்

போர்டின் பின்பக்கம் யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பட்டன். இது இருந்தால் பிராசசரே இல்லாமல் பயாஸைப் புதுப்பிக்கலாம். ஃபேட்32-ல் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் பயாஸ் ஃபைலைப் போட்டு, கையேட்டில் சொன்ன பெயரை வைத்து, அதற்கென்று குறித்த துளையில் செருகி, எஸ்எம்பிஎஸ் இணைப்புகளைக் கொடுத்துப் பட்டனை அழுத்த வேண்டும். விளக்கு சிமிட்டி முடியும்வரை கைவைக்கக் கூடாது. இந்த வசதி இல்லாத போர்டில் பயாஸுக்குத் தெரியாத பிராசசரை மாட்டினால் திரை கறுப்பாகவே இருக்கும். பழைய பிராசசர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி மாட்டித்தான் மீட்க வேண்டியிருக்கும்.

படி 5: மற்றவை

ரேம் துளை நான்கு இருந்தாலும் முதலிலேயே இரண்டு பெரிய ரேமாக வாங்குங்கள். ரைசன் 9000-ல் இரண்டு டிடிஆர்5 ரேமுக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் 5600, நான்கு போட்டால் 3600-தான். எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 துளை குறைந்தது இரண்டு இருக்கட்டும்.

படி 6: கடையில்

எல்ஜிஏ 1700, 1851, ஏஎம்5 எல்லாவற்றிலும் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. பில் போடும் முன் சாக்கெட் மூடியைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பின்கள் ஒரே சீராக மின்ன வேண்டும். வளைந்த பின்னுக்கு வாரன்டி கேட்டு நிற்பது வீண் அலைச்சல்.

படி 7: பிராசசரை மாற்றும் நாள் வரும்போது

பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடாதீர்கள், பாதியில் கரண்ட் போனால் போர்டே போகலாம். விண்டோஸில் டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் அதன் ரெக்கவரி கீயை முதல் வேலையாக எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். ஏஎம்டியில் பிராசசர் மாறும்போது, அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் அதற்குள்ளேயே இருப்பதால் அதுவும் மாறிவிடும். அப்போது அந்தக் கீ இல்லையென்றால் உங்கள் படங்களும் ஃபைல்களும் பூட்டின பூட்டுக்குள் போய்விடும்.

ஏஎம்4 (மேலே சொன்ன பி350 போர்டின் சாக்கெட்) வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. அதில் பின்கள் பிராசசரில் இருக்கின்றன. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டு, கூலரோடு பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கழற்றும் முன் கால் மணி நேரம் ஏதாவது கேம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, வயரைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். நேராக மேலே இழுக்காதீர்கள். புதிய பிராசசர் ஒரு வாரம் சிக்கலில்லாமல் ஓடும்வரை பழையதை விற்காமல் பெட்டியிலேயே வைத்திருங்கள்.