லெனனின் படம் வாங்குகிறீர்களா? பிரேம் கடைக்குப் போகுமுன் இதைப் படியுங்கள்

பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜோன் லெனன் லிவர்பூல் ஓவியக் கல்லூரியில் படித்தவர். அவருடைய கோட்டுச் சித்திரத்தின் அச்சுப்பிரதி ஒன்று எங்கள் வெள்ளவத்தை வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அது நான் வாங்கிய இரண்டாவது பிரதி. முதலாவது லாச்சிக்குள் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. இணையத்தில் காசு கட்டும் விதமெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

1. யாருடைய கையெழுத்து?

லெனன் இருக்கும்போதே வந்தது ‘பேக் வன்’ என்ற படத்தொகுதி. ஒன்றில் 14 கல்லச்சு (லித்தோகிராப்) படங்கள், மொத்தம் 300 தொகுதிகள். 1970 ஜனவரியில் லண்டனில் காட்சிக்கு வைத்தபோது, ஆபாசம் என்று பொலிஸ் எட்டுப் படங்களைத் தூக்கிக்கொண்டு போனது. வழக்கு நிற்கவில்லை. அவற்றில் லெனனே பென்சிலால் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அதனால் விலை நமக்கு எட்டாது. 1980 இல் அவர் இறந்த பிறகு வந்த பதிப்புகளில் பென்சில் கையெழுத்து பெரும்பாலும் அவர் மனைவி யோகோ ஓனோவுடையது, கூடவே லெனனின் முத்திரை இருக்கும். விற்பவர் ‘கையெழுத்திட்டது’ என்று சொன்னால், யாருடையது, பென்சிலா, அச்சோடு சேர்ந்து வந்ததா என்று கேளுங்கள். மூலையின் கிட்டப்படமும் கேளுங்கள்.

படத்துக்குக் கீழே 87/300 என்று எழுதியிருந்தால், 300 பிரதிகளில் 87 ஆவது. சின்ன எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண் என்பது என் கட்சி.

பார்சல் வந்ததும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் பாருங்கள். செட்டியார் தெருவில் நகை வேலை செய்பவர்கள் கண்ணில் செருகிக்கொள்வார்களே, அதுதான். போன் கமராவை நம்பாதீர்கள். நிறப் புள்ளிகள் பூப்போல வட்டம் வட்டமாகத் தெரிந்தால் உங்கள் கையில் இருப்பது வெறும் போஸ்டர்.

2. சுங்கம்

பற்றுச்சீட்டை அச்செடுத்து வைத்திருங்கள். 18% வற் வரியையும் மற்றத் தீர்வைகளையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிடுங்கள். குழாயில் சுருட்டி வந்த தாளை எதிர்ப்பக்கம் சுருட்டி நிமிர்த்த வேண்டாம். இரண்டு நாள் மேசையில் கிடந்தால் தானாகப் படியும்.

3. பிரேம்

நான் விழுந்த இடம் இதுதான். சனிக்கிழமை காலையில் படத்தைக் கடையில் கொடுத்துவிட்டுப் பின்னேரம் போனேன். பிரேம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் படத்துக்குக் கீழே இருந்த வெள்ளைக் கரையைக் காணவில்லை.

“அண்ணா, கீழே பென்சிலால் எழுதியிருந்ததே?”

“அதா தம்பி? வெள்ளை சும்மாதானே கிடந்தது. வெட்டினாத்தான் இந்த பிரேமுக்குச் சரியா வரும்.”

குப்பைக் கூடையைக் கிளறி எடுத்தேன். இரண்டு விரல் அகல நறுக்கு, அதில் எண்ணும் கையெழுத்தும். நான் காசு கொடுத்ததே அந்த நறுக்குக்குத்தான். அவரைக் குறை சொல்லி என்ன, வாய் திறந்து சொல்லாதவன் நான்.

அதனால் இப்போது பிரேமை அளவெடுத்துத்தான் செய்விக்கிறேன், ரெடிமேட் பக்கமே போவதில்லை. ‘வெட்டக்கூடாது, முழுதாக ஒட்டக்கூடாது’ என்று துண்டில் எழுதிப் படத்தோடு கொடுக்கிறேன். அமிலமில்லாத மவுண்ட் போர்டையும் (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) நானே வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். தாளின் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், ஜப்பானியத் தாளில் வெட்டிய சின்னப் பட்டியைக் கோதுமை மாப் பசையால் ஒட்டித் தொங்கவிட வேண்டும். கொழும்பு ஈரத்தில் தாள் ஊதும், சுருங்கும். நாலு பக்கமும் ஒட்டினால் அலை அலையாக எழும்பிவிடும். செலோடேப் வேண்டவே வேண்டாம்.

பின்சேர்க்கை: கல்கிசையில் கடலோரம் இருக்கும் வாசகி ஒருவர், ஒரே மழைக்காலத்தில் படத்தில் பழுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டதாக எழுதியிருந்தார். விசாரித்ததில் பின்னால் சாதாரண ஹார்ட்போர்ட், தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டும் இருந்திருக்கிறது. மவுண்ட் போட்டால் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி கிடைக்கும். சுவர் ஈரத்துக்கு, போத்தல் கார்க்கை வட்டமாக நறுக்கி பிரேமின் பின்னால் நாலு மூலையிலும் ஒட்டுங்கள். கடலைப் பார்த்த சுவரில் மாட்ட வேண்டாம் என்று அவருக்குச் சொன்னேன். வீட்டில் வேறு சுவரே இல்லையாம். அப்படியென்றால் மழைக்காலம் முடியும்வரை கழற்றி, மவுண்டோடு அலுமாரியின் மேல் தட்டில் கிடத்தி வையுங்கள்.