பழைய ஃபைபர் படகுக்குக் கூண்டு: எடை குறைவாக, கழற்றி வைக்கும்படி

நாகை மாவட்டம் அக்கரைப்பேட்டை, கோடியக்கரைப் பக்கம் மீன்பிடிக்க ராத்தங்கல் போகிற 30, 32 அடி ஃபைபர் படகுகளில் மூங்கிலும் தார்ப்பாயும்தான் பெரும்பாலும் நிழல். வாடை வலுத்தால் தார்ப்பாய் கிழிந்துவிடும். பிளைவுட்டில் ஃபைபர் போர்த்தி, உட்காரவும் படுக்கவும் ஒரு சின்ன அறையாகக் கூண்டு செய்தால் பல வருஷம் நிற்கும். ஆனால் கூண்டு 70 கிலோவைத் தாண்டக் கூடாது, தளத்தோடு சேர்த்து ஃபைபர் போட்டு ஒட்டவும் கூடாது. மேலே பாரம் ஏறினால் படகு சாய்ந்து நிமிர நேரமெடுக்கும். ஒட்டிவிட்டால் புயல் எச்சரிக்கை வரும்போது கழற்ற முடியாது. 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா போன்ற காற்றில், உயரமாக நிற்கும் எதுவும் பாய்மரப் பாயாகத்தான் வேலை செய்யும். போல்ட்டில் நின்றால் நாலு பேர் தூக்கிக் கரையில் வைத்துவிடலாம்.

அளவு: நீளம் 6 அடி, அகலம் 5 அடி, உயரம் 3½ அடி. உட்காரவும் படுக்கவும் இது போதும், நின்றுகொள்ளக் கூண்டு வேண்டாம். 8 அடி அகலப் படகில் இருபக்கமும் ஒன்றரை அடி வழி கிடைக்கும். பலகை அறுக்கும் முன் இதே அளவில் மூங்கிலைக் கட்டி, வலை இழுத்துப் பாருங்கள். முழங்கை இடித்தால் அகலத்தைக் குறையுங்கள்.

6 மி.மீ. பிளைவுட் 5 ஷீட் வாங்குங்கள். கடல் தரத்துக்கான ஐஎஸ் 710 முத்திரை இருக்க வேண்டும், சாதாரண ஐஎஸ் 303 உப்புத் தண்ணீருக்குத் தாங்காது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, முன்சுவருக்கு ஒன்று, கூரைக்கு இரண்டு. சட்டத்துக்கு 2க்கு 1 அங்குலத் தேக்கு. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு (மேட்) 7 கிலோ, அதை ஊற வைத்து ஒட்டும் ரெசின் 20 கிலோ.

தை, மாசியில் காலை பத்து மணிக்குப் பனி ஈரம் காய்ந்த பிறகு ஆரம்பித்து, நாலு மணிக்குள் முடியுங்கள். மரத்தில் ஈரம் இருந்தால் மேட் பிறகு உரிந்து வரும். ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட், கிலோ ரெசினுக்கு 10 முதல் 15 மில்லி. சித்திரை வெயிலில் 10-க்கு மேல் போனால் டப்பாவிலேயே இறுகிவிடும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் தனியாக வந்தால் அதை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட். இரண்டையும் நேராகச் சேர்க்கவே கூடாது: தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

முன்சுவரை 20 பாகை பின்னால் சாய்த்து நிறுத்துங்கள், அலைத் தெறிப்பு மேலே ஏறிப் போய்விடும். கூரைக்கு ஐந்து குறுக்குச் சட்டம், ஒவ்வொன்றின் நடுவிலும் இரண்டரை அங்குலம் வளைவு. இல்லையென்றால் மழைத் தண்ணீர் தேங்கும். கூரைப் பலகையின் இணைப்பு ஒரு சட்டத்தின் மேல்தான் வர வேண்டும்.

கூண்டு அழுகுவது பலகையின் அறுத்த ஓரத்தில்தான் தொடங்கும். ஓரம், ஓட்டை எல்லாவற்றுக்கும் மேட் போடும் முன் இளக்கிய ரெசின் மூன்று கை பூசுங்கள். மூலைகளை விரல் மொத்தத்துக்கு உருட்டித் தேயுங்கள். கூர்மையான மூலையில் மேட் படியாது, உள்ளே காற்று நிற்கும். வெளிப்பக்கம் இரண்டு மேட், ரோலரால் வெள்ளைப் புள்ளி மறையும் வரை அழுத்துங்கள். பெயின்ட் வெள்ளையாகவே இருக்கட்டும், கருநீலம் அடித்தால் மத்தியானத்தில் உள்ளே இருக்க முடியாது.

பின்பக்கம் திறந்தே இருக்கும் என்பதால் முன்சுவரில் மூடி வைத்த 10க்கு 6 அங்குலத் திறப்பு கட்டாயம். அது இல்லாவிட்டால் ஓடும்போது எஞ்சின் புகை பின்னாலிருந்து கூண்டுக்குள் இழுக்கப்படும். படுத்திருப்பவருக்குத் தலைவலியில் தொடங்கி மயக்கம் வரை போகலாம். ஜன்னல் கண்ணாடிக்கு 5 மி.மீ. அக்ரிலிக். அது வெயிலில் விரியும், ஸ்குரூ ஓட்டையை 2 மி.மீ. பெரிதாகப் போடாவிட்டால் விரிசல் விடும்.

கூண்டைப் படகில் இறக்கும் முன் தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டொப்' என்று மந்தமாகக் கேட்கும் இடத்தில் உள்ளே அழுகல், அதைச் சரிசெய்யாமல் போல்ட் போடாதீர்கள். ஓரடிக்கு ஒன்றாக 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் எட்டு மி.மீ. போல்ட், தளத்துக்கு அடியில் மேட் போர்த்திய 12 மி.மீ. பலகை. 304 போட்டால் கடல் காற்றில் துருக் கறை இறங்கும். ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, ரெசின் புட்டியால் அடைத்து, காய்ந்ததும் நடுவில் மறுபடி துளையுங்கள். தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. சிலிக்கான் வேண்டாம், பாலியூரித்தேன் சீலன்ட் தடவிப் பாதி முறுக்கி, மறுநாள் முழுதாக முறுக்குங்கள். முதல் நாளே இறுக்கினால் சீலன்ட் முழுதும் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

கடைசியாகக் கூரையிலும் சுவரடியிலும் பத்து வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே பெரும்பாலும் ஓட்டை இருக்காது, தண்ணீர் சட்டத்தோடு ஓடி வந்திருக்கும். உயரமான பக்கமுள்ள போல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய சீலன்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவுங்கள்.