மழைக் கணக்கைப் படிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

2015 நவம்பரில் சென்னையில் கொட்டிய மழையை "இதுவரை கண்டிராத மழை" என்றுதான் பலரும் சொன்னோம். அந்த மாதம் நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் பதிவானது சுமார் 1,049 மி.மீ. ஆனால் 1918 நவம்பரில் அதைவிட அதிகமாக, 1,088 மி.மீ. பெய்திருக்கிறது. பதிவேட்டில் எழுதி வைத்தும் நமக்கு அது நினைவில் இல்லை. "காலநிலையே மாறிவிட்டது, பழைய கணக்கு எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. பழைய கணக்கு இல்லாமல் எது மாறியது என்று எப்படிச் சொல்வது?

சரி, பதிவேட்டைத் திறந்தாயிற்று. உடனே எல்லோரும் தேடுவது சராசரியை. சென்னைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. என்பார்கள். 2015-இல் வெள்ளத்தில் மிதந்த இதே ஊரில்தான், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற குடிநீர் ஏரிகள் நான்கும் வற்றின. சராசரிக்குள் போட்டால் இந்த இரண்டும் மறைந்துவிடும். அதற்குப் பதிலாக, ஆண்டுகளைக் குறைந்த மழையிலிருந்து கூடிய மழை வரை வரிசைப்படுத்துங்கள். பத்தில் எத்தனை வருடம் ஏரி நிரம்பவில்லை என்று எண்ணுங்கள். மோசமான வருடங்கள் எங்கே அடுத்தடுத்து வந்தன என்றும் பாருங்கள். ஒரு வருடம் பொய்த்தால் ஏரியும் கிணறும் எப்படியோ தாங்கும். அடுத்ததும் பொய்த்தால்தான் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்க வேண்டிவரும்.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது, சில வருடங்களை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது. காவிரி டெல்டாவின் குறுகிய கால நெல் பருவமான குறுவைக்காக மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு வருடம் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. அதை மட்டும் பார்த்தவர் 'குறுவை அவ்வளவுதான்' என்றிருப்பார். அப்புறம் 2020, 2021, 2023-இல் சரியாக ஜூன் 12. 2022-இல் மே 24-க்கே திறந்தார்கள். 2024-இல் மறுபடியும் ஜூலை கடைசி ஆகிவிட்டது. எந்த நான்கைந்து வருடத்தை எடுக்கிறோமோ அதற்கேற்ற பதில்தான் கிடைக்கும்.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் இதே தவறு ஒப்பந்தமாகவே எழுதப்பட்டது. 1922-இல் ஏழு மாநிலங்களுக்காக ஆற்று நீரைப் பங்கிட்டபோது கையில் இருந்தது மிகச் சில ஆண்டுகளின் அளவீடு. அவை நல்ல ஈரமான ஆண்டுகள் என்பது, ஈரமான ஆண்டில் அகலமாக வளரும் மர வளையங்களைப் பழைய மரங்களில் ஆராய்ந்தபோது பிற்பாடு தெரிந்தது. ஆற்றில் இல்லாத தண்ணீரையும் சேர்த்துப் பங்கு போட்டிருந்தார்கள்.

எந்த மழை எந்த நீருக்கு என்பதிலும் குழப்பம் வரும். மேட்டூருக்குத் தண்ணீர் வருவது பெரும்பாலும் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால். தஞ்சாவூர் மழைமானியை வைத்து அணையின் நீர்வரத்தைக் கணிக்க முடியாது. சென்னை ஏரிகளுக்கும் நுங்கம்பாக்கத்து அளவு போதாது. அவற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதிக் கணக்கு வேண்டும். ஜனவரி–டிசம்பர் கணக்கும் இங்கே ஒத்துவராது. 2019 கோடையில் குடித்திருக்க வேண்டியது 2018 அக்டோபர்–டிசம்பர் மழையை. ஜூன் முதல் மே வரை ஓராண்டு என்று கொண்டால் அந்தத் தொடர்பு விட்டுப்போகாது.

சின்னதாகத் தெரியும் சில விஷயங்களும் கணக்கைக் கெடுக்கும். மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 மணிக்கு முடிகிறது. அதனால் 2015 டிசம்பர் 1 இரவு தாம்பரத்தில் கொட்டியது டிசம்பர் 2-ஆம் தேதிக் கணக்கில் வரும். மழை அளக்காத நாளில் கட்டத்தை வெறுமனே விட்டிருப்பார்கள். கணினியில் ஏற்றும்போது அது பூஜ்யமாகிவிட்டால், இல்லாத வறட்சி ஒன்று முளைக்கும்.

ஏரி விஷயத்தில் இன்னொன்று. தினமும் அளப்பது நீர்மட்டத்தை மட்டும்தான். நீர் இருப்பை, எந்த மட்டத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று சொல்லும் ஒரு அட்டவணையிலிருந்து எடுத்து எழுதுகிறார்கள். வண்டல் சேர்ந்த பிறகும் பழைய அட்டவணையே இருந்தால் ஏட்டில் உள்ள தண்ணீர் ஏரியில் இருக்காது. இரண்டு காலத்து இருப்பை ஒப்பிடுவதற்கு முன், கடைசியாக எப்போது ஏரியை அளந்து அந்த அட்டவணையைத் திருத்தினார்கள் என்று கேட்டுவிடுங்கள்.