1/32000 வைத்தும் கோல்ஃப் மட்டை வளைவது ஏன்?

திரை அசையாமல் சென்சாரே பதிவைத் தொடங்கி முடிக்கும் எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டு, வேகத்தை 1/32000 நொடிக்கு ஏற்றி, கோல்ஃப் வீரர் மட்டையைச் சுழற்றுவதை எடுக்கிறீர்கள். படம் துல்லியமாக இருக்கிறது, மட்டை மட்டும் வில்லாக வளைந்திருக்கிறது. ஷட்டர் ஸ்பீடு போதவில்லை என்று நினைத்தால், அதுதான் முதல் தவறு.

சென்சாரின் ஒவ்வொரு வரியும் எவ்வளவு நேரம் ஒளியை வாங்குகிறது என்பதே ஷட்டர் ஸ்பீடு. மேல் வரியில் தொடங்கி கடைசி வரி வரை படித்து முடிக்க ஆகும் நேரம் ரீட்அவுட். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு வரியும் 1/32000 நொடிதான் ஒளி வாங்கியிருக்கும். ஆனால் முதல் வரியும் கடைசி வரியும் பார்த்தது வெவ்வேறு கணங்களை. ஷட்டர் ஸ்பீடைக் கூட்டினால் மங்கல் போகும், வளைவு அப்படியே இருக்கும்.

கணக்கு எளிது. 6000 பிக்சல் அகலமுள்ள படத்தை ஒரு சைக்கிள் 1 நொடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரீட்அவுட் 50 மில்லிசெகண்ட் என்றால், படத்தின் உச்சிக்கும் அடிக்கும் இடையே 300 பிக்சல் சாய்வு. 4 மில்லிசெகண்ட் என்றால் 24 பிக்சல்தான். யார் கண்ணிலும் படாது. சைக்கிளோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பினால் சைக்கிள் நேராக நிற்கும், பின்னால் உள்ள தூண்கள் சாயும்.

அடுத்த தவறு, நொடிக்கு எத்தனை பிரேம் என்பதை வைத்து ரீட்அவுட்டை எடைபோடுவது. கேனான் ஆர்7 எலக்ட்ரானிக் ஷட்டரில் நொடிக்கு 30 படம் எடுக்கும். கேட்க அசத்தலாக இருக்கிறது, ஆனால் அதன் ரீட்அவுட் சுமார் 30 மில்லிசெகண்ட். 30 படமும் வளைந்த மட்டையோடு வரலாம். 2017-இல் வந்த சோனி ஏ9 நொடிக்கு 20 படம்தான் எடுத்தது. ஆனால் நினைவகத்தைச் சென்சாரோடு அடுக்கிய ஸ்டேக்டு சென்சார் என்பதால் ரீட்அவுட் 6 மில்லிசெகண்டை ஒட்டியது. 2021-இல் வந்த சோனி ஏ1, நிக்கான் இசட்9 இரண்டும் 4 மில்லிசெகண்ட் அளவுக்கு வந்துவிட்டன. மெக்கானிக்கல் ஷட்டரின் திரை சென்சாரைக் கடக்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். அதனால்தான் இசட்9-இல் மெக்கானிக்கல் ஷட்டரே இல்லை. விளம்பரத் தாளில் பிரேம் எண்ணிக்கை பெரிய எழுத்தில் இருக்கும். ரீட்அவுட் பெரும்பாலும் இருக்காது. படங்களைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகமான பஃபர் சீக்கிரம் நிறைவதும், கார்டு மெதுவாக எழுதுவதும் வேறு பிரச்சினைகள். அவற்றையும் இதோடு குழப்ப வேண்டாம்.

வீடியோவுக்கு அளந்த எண்ணைப் புகைப்படத்துக்கு எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. வீடியோவில் பல கேமராக்கள் குறைந்த பிட் அளவில் (ஒவ்வொரு பிக்சலுக்கும் குறைந்த தரவோடு), சில நேரம் வரிகளைத் தாண்டித் தாண்டிப் படிக்கும். அந்த வேகம், சென்சார் தரவை அப்படியே வைக்கும் முழு ராவ் படத்துக்குக் கிடைக்காது.

அப்புறம், ‘ஸ்டேக்டு வாங்கிவிட்டேன், இனி எல்லாவற்றுக்கும் எலக்ட்ரானிக் ஷட்டர்’ என்ற நம்பிக்கை. வேகமாகத் துடிக்கும் எல்இடி விளக்குகள், எல்இடி பலகைகள் முன்னால் 4 மில்லிசெகண்ட் சென்சாரிலும் கோடுகள் விழும். குளோபல் ஷட்டர் உள்ள சோனி ஏ9 மூன்றாம் தலைமுறையில் எல்லா வரிகளும் ஒரே கணத்தில் பதிவாகும். வளைவுக்கு இடமே இல்லை. ஆனால் அதன் அடிப்படை ஐஎஸ்ஓ, அதாவது இயல்பான ஒளியுணர்திறனின் கீழ் எல்லை, 250-இல்தான் தொடங்குகிறது. நிலக்காட்சியும் உருவப்படமும் மட்டும் எடுப்பவர் வேகத்துக்காக இவ்வளவு செலவழிப்பது வீண் என்பது என் கருத்து. அவருக்கு எலக்ட்ரானிக் முதல் திரை போதும். அதில் பதிவைத் தொடங்குவது சென்சார், முடிப்பது மெக்கானிக்கல் திரை என்பதால் ரீட்அவுட் வளைவு வராது. அகலத் திறந்த லென்ஸில் 1/2000-க்கு மேல் போனால் பின்னணி ஒளிவட்டங்கள் வெட்டுப்படலாம், அவ்வளவுதான்.

உங்கள் கேமராவின் எண் தெரியவில்லையா? நீங்களே அளக்கலாம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால், மலிவான எல்இடி பல்பு பெரும்பாலும் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஒரு துடிப்புக்கு 10 மில்லிசெகண்ட். அந்த வெளிச்சத்தில் ஒரு வெள்ளைச் சுவரைக் கேமராவைப் படுக்கையாகப் பிடித்து, எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/2000 வைத்து எடுங்கள். மேலிருந்து கீழாக எத்தனை இருண்ட பட்டைகள் என்று எண்ணி 10-ஆல் பெருக்குங்கள். 5 பட்டை என்றால் ஏறத்தாழ 50 மில்லிசெகண்ட். ஓடும் எதற்கும் மெக்கானிக்கல் ஷட்டரே கதி. ஒரு பட்டைகூட முழுதாக விழாமல் படத்துக்குப் படம் வெளிச்சம் மட்டும் மாறினால், ரீட்அவுட் 10 மில்லிசெகண்டுக்குள் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 10-க்குப் பதில் 8.3-ஆல் பெருக்க வேண்டும்.